ஸ்கேனும் உடல் என்னும் அமானிதமும்



மதரஸாவில் ஓதிக்கொடுப்பவர்களிடம் மார்க்கச் சட்டம் மட்டுமே கேட்பார்கள் என்று நீங்கள் எண்ணினால் அது சரியன்று. நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் இடையில் இருக்கும் நம் மேல்பட்டாம்பாக்கத்தில், அஸருக்குப் பின் பிள்ளைகளை அழைத்துப் போக வரும் தாய்மார்கள் மதரஸா வாசலில் நின்று நம்மிடம் கேட்பவற்றில் பாதி மருத்துவக் கேள்விகளே. நோன்பு நோற்றிருக்கும்போது ஊசி போடலாமா, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடலாமா என்பவை பழைய கேள்விகள். அண்மைக் காலமாக அதிகம் கேட்கப்படுவது வேறொன்று. "ஆலிமா, ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க. அது உடம்பு உள்ளே இருக்கிற அணுவையெல்லாம் உடைச்சிடுமாமே? எடுக்கலாமா?"

இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. அதில் உண்மை இருக்கிறது. உடல் நம் சொத்தன்று, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று வாரந்தோறும் பாடம் நடத்துகிறோம். அந்த அமானிதத்துக்கு ஓர் இயந்திரம் ஊறு செய்யுமோ என்று ஒரு தாய் கேட்டால், "டாக்டர் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒற்றை வரியோடு அனுப்பிவிடுவது நம் கடமையைக் குறைத்துச் செய்வதாகும். எனவே இரண்டு ஆண்டுகளாக இது பற்றிப் படித்தும், நம்மிடம் ஓதி இன்று சென்னை மருத்துவமனையொன்றில் கதிரியக்கத் தொழில்நுட்பராகப் பணிபுரியும் மாணவியிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

அச்சத்தால் நேரும் கெடுதியை முதலில் சொல்லிவிட வேண்டும். சென்ற ஆண்டு நம்மிடம் ஓதும் 11 வயதுச் சிறுவன் ஒருவன் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே விழுந்தான். வெளிக்காயம் பெரிதாக இல்லை. ஆனால் மூன்று முறை வாந்தி எடுத்தான், கண் சொக்கியது. மருத்துவமனையில் பார்த்தவர் உடனே தலைக்கு சி.டி. எடுக்க வேண்டும் என்றார். உடன் போயிருந்த பாட்டியார் ஒப்பவில்லை. அவர்களுடைய கைபேசியில் ஓர் ஒலிப்பதிவு இருந்தது. ஒரு ஸ்கேன் நானூறு எக்ஸ்ரேக்குச் சமம், சிறு பிள்ளைகளுக்கு எடுத்தால் பின்னாளில் புற்றுநோய் வரும் என்று ஓர் ஆண் குரல் அதில் உறுதியாகப் பேசியது. சிறுவனின் அத்தா என்ன செய்வது என்று தெரியாமல் நம்மை அழைத்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அப்படியே கழிந்திருந்தது.

நாம் மருத்துவர் அல்லர். ஆகவே ஒரே ஒரு கேள்வியை மருத்துவரிடம் கேட்கச் சொன்னோம்: இந்தப் படத்தில் தெரியப்போவதைப் பொறுத்து நீங்கள் இப்போது செய்யப்போவது மாறுமா? மாறும் என்றார் அவர். உள்ளே கசிவு இருந்தால் உடனே புதுச்சேரிக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் இங்கேயே வைத்துக் கவனிக்கலாம் என்றார். படம் எடுக்கப்பட்டது. மண்டையோட்டுக்கு அடியில் மெல்லிய இரத்தக் கசிவு இருந்தது. புதுச்சேரியில் அறுவை ஏதுமின்றிக் கவனிப்பிலேயே அது கரைந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று அவன் யாஸீன் சூராவை மனனம் செய்துகொண்டிருக்கிறான்.

அந்த ஒலிப்பதிவின் எண்ணை யாரும் கற்பனையில் உருவாக்கவில்லை. கொரோனாவின் இரண்டாம் அலை கடுமையாக இருந்த 2021 மே 3 அன்று, புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் அன்றைய இயக்குநர் டாக்டர் ரன்தீப் குலேரியா செய்தியாளர்களிடம் சொன்னது அது. ஒரு சி.டி. 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்றும், லேசான நோய் உள்ளவர்கள் திரும்பத் திரும்ப எடுப்பது, குறிப்பாக இளவயதினருக்கு, பிற்காலத்தில் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்றும் அவர் எச்சரித்தார். அந்த நாள்களை நினைத்துப் பாருங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமலேயே மக்கள் ஸ்கேன் மையங்களில் வரிசையில் நின்றார்கள். பரீட்சை மதிப்பெண் போல, 25-க்கு எத்தனை வந்தது என்று குடும்பத்துக்குள் பேசிக்கொண்டோம். அந்தக் கூட்டத்தைக் குறைக்கத்தான் அவர் அப்படிப் பேசினார். தலையில் அடிபட்டு மயங்கும் பிள்ளையைப் பற்றி அவர் பேசவில்லை. ஒலிப்பதிவு செய்தவர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அது சொல்லப்பட்ட சூழலை விட்டுவிட்டார். ஹதீஸ் கலையில் ஒரு சொல் எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் சட்டம் எடுக்கக் கூடாது என்று முதலாண்டிலேயே கற்பிக்கிறோம். அந்த ஒழுங்கு வாட்ஸ்அப் செய்திக்கும் தேவைப்படுகிறது.

இந்தியக் கதிரியக்க மற்றும் படிமவியல் சங்கம் டாக்டர் குலேரியாவின் கணக்கை உடனே மறுத்தது. அது பழைய காலத்துக் கணக்கு, இன்றைய கருவிகளில் மிகக் குறைந்த அளவுக் கதிர்வீச்சோடு எடுக்கும் மார்பு சி.டி. 5 முதல் 10 எக்ஸ்ரேக்களுக்கே சமம் என்றது. நானூறு எங்கே, ஐந்து எங்கே! இருவரும் கற்றவர்கள், யாரை நம்புவது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு எண்களும் வரும். கதிர்வீச்சால் உடலுக்கு நேரும் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.02 முதல் 0.1 வரை சொல்வார்கள். வழக்கமான மார்பு சி.டி. சுமார் 7. ஏழை 0.02-ஆல் வகுத்தால் 350 வருகிறது. குறைந்த அளவில் எடுக்கும் சி.டி. 1-க்கு அருகில் இருக்கும். அதை 0.1-ஆல் வகுத்தால் 10 வருகிறது. எந்த எக்ஸ்ரேயோடு எந்த சி.டி.யை ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆகவே எக்ஸ்ரே எண்ணிக்கையை விட்டுவிட்டு வேறோர் அளவுகோலைப் பிடிப்பது நல்லது. ஒன்றுமே செய்யாமல் வீட்டில் இருந்தாலும் மண்ணிலிருந்தும், காற்றிலிருந்தும், உண்ணும் உணவிலிருந்தும், வானிலிருந்தும் ஒரு மனிதர் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். தலைக்கு எடுக்கும் சி.டி. சுமார் 2. அந்தச் சிறுவன் சில விநாடிகளில் பெற்றது ஏறத்தாழ ஓராண்டின் இயற்கைக் கதிர்வீச்சு. வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. 8 அல்லது 10 வரை போகும். மூன்று நான்கு ஆண்டுகளின் கணக்கு அது.

இங்கே ஒரு சொல் குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். நம் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் "ஸ்கேன்" என்ற ஒரே பெயர்தான். கர்ப்பிணிக்கு வயிற்றில் பசை தடவிப் பார்ப்பதும் ஸ்கேன், முதுகுவலிக்கு நீண்ட குழாய்க்குள் படுக்க வைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் ஸ்கேன், சி.டி.யும் ஸ்கேன். முதலாவது ஒலியலையால் செய்யப்படுவது, இரண்டாவது காந்தத்தாலும் வானொலி அலையாலும். இவ்விரண்டிலும் டி.என்.ஏ.வை உடைக்கும் எக்ஸ்கதிர் துளியும் இல்லை. இதய எக்கோவும் ஒலியலையே. அந்த ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு ஐந்தாம் மாதக் குழந்தை வளர்ச்சி ஸ்கேனுக்கே போகாமல் இருந்த ஒரு பெண்ணை நாம் அறிவோம். அவர் அஞ்சிய பொருளுக்கும் தவிர்த்த பொருளுக்கும் எந்த உறவும் இல்லை. எக்ஸ்ரே, சி.டி., மார்பகத்துக்கு எடுக்கும் மேமோகிராம், இதய இரத்தக்குழாயைப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் ஆகியவையே எக்ஸ்கதிரால் எடுக்கப்படுபவை. கதிரியக்க மருந்தை ஊசி வழி ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன் போன்றவையும் கதிர்வீச்சுக் கணக்கில் சேரும்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கே வருவோம். உள்ளே என்னதான் உடைகிறது?

நம் உயிரணு ஒவ்வொன்றின் உட்கருவிலும் டி.என்.ஏ. என்ற இழை சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஓர் உயிரணுவில் உள்ளதை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது முறுக்கிய இரட்டை நூல் போன்றது. எக்ஸ்கதிர் உடலுக்குள் பாயும்போது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டி வெளியேற்றுகிறது. அவை சில வேளை நேராக டி.என்.ஏ.வைத் தாக்கும். பல வேளை அருகில் இருக்கும் நீர் மூலக்கூறைப் பிளந்து, அதிலிருந்து பிறக்கும் வீரியமான துகள்கள் போய் இழையை அறுக்கும். இரட்டை நூலில் ஒன்று மட்டும் அறுந்தால் சீர்செய்வது எளிது, எதிர் நூலைப் பார்த்து அப்படியே நிரப்பிவிடலாம். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி.யில் கதிர் நேராகப் பாயும் பகுதியில், தோராயமாக மூன்று உயிரணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் இத்தகைய இரட்டை முறிவு ஏற்படும். மார்பு எக்ஸ்ரேயில் பல நூறு உயிரணுக்களுக்கு ஒன்று.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. முறிவு நேர்ந்த இடத்தைச் சுற்றி ஒரு புரதம் உடனே அடையாளம் இட்டுக்கொள்கிறது என்பதை 1998-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த அடையாளத்துக்குச் சாயம் ஏற்றினால் நுண்ணோக்கியில் ஒளிரும் புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகளை எண்ணினால் முறிவுகளை எண்ணியதாகும். நம் சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் மரபியல் ஆய்வாளர்கள் நம் மக்களிடமே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். எக்ஸ்கதிரைத் தொடர்ந்து பாய்ச்சி இரத்தக்குழாயைப் பார்க்கும் நடைமுறைகளுக்கு வந்த நோயாளிகளிடம் முன்னும் பின்னும் இரத்தம் எடுத்து, வெள்ளையணுக்களில் டி.என்.ஏ. சேதத்தின் அடையாளங்களை எண்ணினார்கள். பின்னர் எடுத்த இரத்தத்தில் அவை கூடியிருந்தன. அந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஆகவே "அணுவை உடைக்குமாமே" என்று கேட்ட தாய் சொன்னது பொய்யில்லை. சொல்தான் சற்று மாறிவிட்டது. உடைவது அணு அன்று, இழை.

ஆனால் பாதிக் கதையோடு யாரும் நின்றுவிடக் கூடாது. ஜெர்மனியில் சி.டி. எடுத்தவர்களின் இரத்தத்தை இதே முறையில் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். படம் எடுத்தவுடன் கூடிய புள்ளிகள் மணிக்கணக்கில் குறைந்துகொண்டே வந்து, ஒரு நாளுக்குள் பெரும்பாலோரிடம் பழைய நிலையை நெருங்கிவிட்டன. உடலே தைத்துவிட்டது. அவர்களுள் ஒருவரிடம் மட்டும் அது மெதுவாக நடந்தது. அவர் முன்பு கதிர்வீச்சுச் சிகிச்சையின்போது கடுமையான பக்கவிளைவுகளுக்கு உள்ளானவர். எல்லா உடலும் ஒரே வேகத்தில் தைப்பதில்லை என்பதை இதிலிருந்து அறிகிறோம். ஸ்கேன் எடுக்காவிட்டாலும், மூச்சுவிடுவதாலும் உண்பதாலும் ஓர் உயிரணுவின் டி.என்.ஏ.வில் நாள்தோறும் பல்லாயிரம் சிறு சேதங்கள் நேர்கின்றன. அவற்றையெல்லாம் சீராக்கும் ஏற்பாடு பிறப்பிலேயே அமைந்திருக்கிறது.

அந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று விளக்கியமைக்காக 2015-ல் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது. அவர்களுள் ஒருவர் அஸீஸ் சன்ஜார், துருக்கியின் மார்தின் மாகாணத்தில் ஸவுர் என்ற சிற்றூரில் 1946-ல் பிறந்தவர். அவர் ஆராய்ந்தது சூரியனின் புறஊதாக் கதிரால் நேரும் சேதத்தை உடல் எவ்வாறு வெட்டி எடுத்துச் செப்பனிடுகிறது என்பதை. எக்ஸ்கதிரின் இரட்டை முறிவைச் செப்பனிடும் வழி வேறு. ஆயினும் வகுப்பில் இதைச் சொன்னபோது மூத்த மாணவிகள் அவர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். எதற்காகவோ ஒரு மகிழ்ச்சி அவர்களுக்கு, நமக்கும்தான்.

பிறகு புற்றுநோய் எங்கிருந்து வருகிறது? அறுந்த இரு முனைகள் தவறாகச் சேர்க்கப்படும்போது. அப்படிச் சேர்ந்த உயிரணு பெரும்பாலும் இறந்துபோகும். மிக அரிதாக ஒன்று, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் இடத்தில் பிழையோடு பிழைத்துக்கொள்ளும். அது நோயாகப் பெருகப் பல ஆண்டுகள் ஆகும். குழந்தைகளிடம் உயிரணுக்கள் வேகமாகப் பெருகுகின்றன, அவர்களுக்கு வாழவேண்டிய ஆண்டுகளும் அதிகம். அதனால்தான் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில், 22 வயதுக்கு முன் சி.டி. எடுத்த ஏறத்தாழ 9.5 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023 நவம்பரில் வெளியானது. இன்றைய கருவியில் 10,000 பிள்ளைகளுக்கு சி.டி. எடுத்தால், அடுத்த 12 ஆண்டுகளில் அவர்களுள் ஒருவர் அல்லது இருவருக்கு அந்தக் கதிர்வீச்சால் இரத்தப் புற்றுநோய் வகைகளில் ஒன்று வரக்கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

பத்தாயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு. இதை எப்படி ஏற்பது? மாடியிலிருந்து விழுந்து மூன்று முறை வாந்தி எடுத்த பிள்ளையின் தலைக்குள் கசிவு இருக்கும் வாய்ப்பு இதைவிடப் பன்மடங்கு அதிகம். அங்கே எடுக்காமல் இருப்பதே பெருந்தீங்கு. அதேவேளை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, அழுது முடித்து, பிஸ்கட் கேட்டு ஓடிவரும் பிள்ளைக்கு, நம் மனநிம்மதிக்காக மட்டும் சி.டி. எடுக்கச் சொல்லி மருத்துவரை வற்புறுத்துவதற்கு அந்த ஒருவரும் இருவரும் தகுந்த விலையல்லர். அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து, யாருக்கு சி.டி. தேவையில்லை என்று பிரித்தறியும் நெறியை 2009-ல் வகுத்தார்கள். நினைவு தடுமாறுதல், வாந்தி, கடும் தலைவலி, உயரத்திலிருந்து விழுதல் போன்ற அறிகுறிகள் எவையும் இல்லையென்றால் ஸ்கேன் வேண்டியதில்லை. இடைப்பட்ட நிலையில் இருப்பவர்களைச் சில மணி நேரம் அருகில் வைத்துக் கவனிப்பதும் ஒரு மருத்துவமே. ஆனால் "ஒண்ணும் எடுக்காம அனுப்பிட்டாங்க" என்று மனக்குறைப்படும் பெற்றோரே நம்மிடம் அதிகம்.

நம் மாணவி சொன்ன ஒரு செய்தி நம்மை நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது. அவர் பணியில் இருக்கும்போது மார்பில் ஒரு சிறு பட்டை அணிகிறார். அவர் உடல் பெறும் கதிர்வீச்சை அது சேர்த்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்பிக் கணக்குப் பார்ப்பார்கள். இந்தியாவில் இதற்கெல்லாம் விதி செய்வது 1983-ல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கதிர்வீச்சுப் பணியாளர் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல், எந்த ஓராண்டிலும் 30-க்கு மேல் பெறக் கூடாது. பொதுமக்களுக்கு இத்தகைய நிலையங்களால் நேரக்கூடிய அளவு ஆண்டுக்கு 1. "நோயாளிக்கு எவ்வளவு?" என்று கேட்டோம். "நோயாளிக்கு வரம்பே கிடையாது ஆலிமா" என்றார்.

கவனக்குறைவால் விட்டுப்போனதன்று அது. உலகெங்கும் அப்படித்தான். நோயாளிக்கு ஓர் உச்ச எண்ணை வைத்துவிட்டால், உயிர் காக்க வேண்டிய வேளையில் அந்த எண் குறுக்கே நிற்கும். எனவே எண்ணுக்குப் பதிலாக இரண்டு நிபந்தனைகளை வைத்தார்கள்: தேவை இருந்தால் மட்டுமே எடுக்க வேண்டும், எடுக்கும்போது, படம் தெளிவாகக் கிடைக்கும் அளவுக்கு மேல் கதிரைச் செலுத்தக் கூடாது. நாம் ஃபிக்ஹு விதிகளைப் படித்துக்கொடுக்கும்போது இதே இரண்டையும் சொல்கிறோம். நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை அனுமதிக்கும், ஆனால் அந்த அனுமதி நிர்ப்பந்தத்தின் அளவோடு முடிந்துவிடும். இரு தீங்குகளில் ஒன்று தவிர்க்க முடியாததானால் சிறியதை ஏற்றுப் பெரியதைத் தடுக்க வேண்டும். பசியால் உயிர் போகும் நிலையில் இருப்பவர் உயிர் தங்கும் அளவு உண்ணலாம், வயிறு நிறைய உண்ணலாமா என்பதில் இமாம்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்கள்! அந்த நுணுக்கத்தில் ஒரு பங்கு நம் ஸ்கேன் சீட்டுக்கும் உரியது.

வரம்பு இல்லை என்பதனால் கணக்கு வைப்பாரும் இல்லை. பணியாளரின் கணக்கை அந்தப் பட்டை வைத்திருக்கிறது. நம் பிள்ளை பிறந்தது முதல் எத்தனை படம் எடுத்தோம் என்பதை யார் வைத்திருக்கிறார்கள்? வேறு வழியில்லை, வீட்டார்தாம் வைக்க வேண்டும்.

நம் உறவினரான முதியவர் ஒருவர் ஓராண்டில் ஒரே வயிற்றுவலிக்கு நான்கு இடங்களில் காட்டினார். நான்கிலும் புதிதாக சி.டி. எடுத்தார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் பதினைந்து நாள் இடைவெளியில் எடுக்கப்பட்டவை. முதலில் எடுத்த படமும் குறுந்தகடும் எங்கே என்று கேட்டால், பீரோவின் மேல் ஒரு பையில் பத்திரமாக இருக்கின்றன என்கிறார்கள்! புதிய மருத்துவரிடம் போகும்போது பழைய படத்தைக் காட்டினால் அவர் தப்பாக நினைப்பார் என்று ஓர் எண்ணம் நம்மவர்களிடம் இருக்கிறது. நினைக்கமாட்டார். படம் நம்முடையது, கட்டணம் கொடுத்துப் பெற்றது. அறிக்கைத் தாளை மட்டுமன்றிப் படத்தையும் குறுந்தகட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சில வேளை புதிதாக எடுப்பது தேவையாகவும் இருக்கலாம். நோய் வளர்ந்ததா குறைந்ததா என்று அறிய வேறு வழி இராது. கேட்டுத் தெரிந்துகொள்வதில் குற்றமில்லை.

எக்ஸ்ரே அறைக்குள் நம் பெண்களால் மட்டும் நேரும் ஒன்றையும் அந்த மாணவி சொன்னார், சற்றுச் சிரிப்போடு. மார்பு எக்ஸ்ரேக்கு வரும் பெண்கள் முக்காட்டில் குத்திய பின்னைக் கழற்றுவதில்லை. கழுத்தில் உலோகக் கூட்டில் அடைத்த தாயத்து வேறு. படத்தில் நுரையீரலின் மேல் அவை வெள்ளையாக விழுந்துவிடும். மறுபடியும் எடுக்க வேண்டும். ஒரு பின்னுக்காக இரு மடங்கு கதிர். உலோகம் இல்லாத துணி முக்காடு ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டால் ஹிஜாபும் நிற்கும், படமும் ஒரே முறையில் முடியும். பெண் தொழில்நுட்பர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டும் போகலாம். தாயத்தைப் பற்றி நாம் இங்கே பேசப்போவதில்லை, அது வேறொரு கட்டுரை.

இன்னொன்று வெட்கத்தால் நேர்வது. கர்ப்பமா, கடைசி மாதவிடாய் எப்போது என்று தொழில்நுட்பர் கேட்கும்போது, உடன் வந்த மாமியார் முன் புதுப்பெண் வாய் திறப்பதில்லை. "இல்லை" என்று தலையசைத்துவிடுகிறார். பிரிட்டனில் டாக்டர் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண்மணி 1950-களில், கர்ப்ப காலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மார்களின் பிள்ளைகளிடம் புற்றுநோய் கூடுதலாக இருப்பதைக் கண்டு சொன்னார். நெடுங்காலம் பலர் நம்பவில்லை. பின்னர் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. எனவே அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். மாமியார்களே, அந்த வேளையில் இரண்டு நிமிடம் வெளியே நில்லுங்கள். கர்ப்பிணியாக இருப்பவர், பிள்ளையைப் பிடித்துக்கொள்ள எக்ஸ்ரே அறைக்குள் போகவும் கூடாது. வேறொருவர் ஈய அங்கி அணிந்து பிடிக்கட்டும்.

இதன் மறுபக்கம் இன்னும் கடுமையானது. கருவுற்றது தெரியாமல் எக்ஸ்ரேயோ சி.டி.யோ எடுத்துவிட்ட பெண்ணிடம், "இனி இந்தக் குழந்தை வேண்டாம், கலைத்துவிடு" என்று சுற்றத்தார் சொல்வதை நாம் காதால் கேட்டிருக்கிறோம். சகோதரிகளே, அவசரப்படாதீர்கள். கரு பெற்ற அளவு 100 மில்லிகிரேக்குக் குறைவாக இருந்தால் கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயமாகாது என்று பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2000-ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது. வழக்கமான எக்ஸ்ரேக்களிலும் பெரும்பாலான சி.டி.க்களிலும் கரு பெறுவது அதைவிட மிகக் குறைவு. எந்தப் படம், எந்த நாளில் என்ற விவரத்தோடு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஓர் உயிரின் விஷயம் இது. வாசலில் நின்று நாமோ பக்கத்து வீட்டாரோ தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகளின் மருத்துவச் சோதனையில் எடுக்கும் மார்பு எக்ஸ்ரே பற்றியும், நெய்வேலிச் சுரங்கத்தில் பணிபுரிவோருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுப்பது பற்றியும் சிலர் கேட்டார்கள். அவை ஒரு சில நாள்களின் இயற்கைக் கதிர்வீச்சுக்கு நிகரானவை. அவற்றுக்காகத் தூக்கம் இழக்க வேண்டாம். கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடலோரத்தில் மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சே பன்மடங்கு அதிகம். அங்கு ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில் அதனால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆண்டு முழுதும் சிறுகச் சிறுக வருவதும் சில விநாடிகளில் வருவதும் ஒன்றல்ல என்பதால் அதை அப்படியே சி.டி.க்குப் பொருத்திவிட முடியாது. மிகச் சிறிய அளவுகளைக் கண்டு நடுங்க வேண்டாம் என்ற அளவுக்கு அது ஆறுதல் தருகிறது.

2023 ஜூனில் நம் ஊர்ச் சாலையில் இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதியதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். உயிரிழந்தோரும் இருந்தார்கள்; காயமடைந்த ஏராளமானோரைக் கடலூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அத்தகைய நேரத்தில் மருத்துவர் படம் கேட்டால் ஒரு நொடியும் தயங்காதீர்கள். மாறாக, நம் வட்டாரத்தில் இப்போது பரவிவரும் "முழு உடல் பரிசோதனை" முகாம்களில், எந்த நோயும் இல்லாதவருக்கும் சலுகை விலையில் சி.டி. என்று சீட்டுக் கொடுத்தால், இது எதற்கு என்று கேளுங்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதை வரவேற்போம். அறிகுறி ஏதும் இல்லாத முப்பது வயதுக்காரரின் வயிற்றுக்குள் சலுகைக்காக நுழைந்து பார்ப்பது எந்த நிர்ப்பந்தத்தில் சேரும்? ஜமாஅத் பெரியவர்களிடம் இதைச் சொன்னோம். அடுத்த முகாமின் பட்டியலை மருத்துவர் ஒருவரிடம் காட்டிய பிறகே அச்சிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மதரஸாவில் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் பாடக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை இந்த ஆண்டு ஷவ்வாலில் இருந்து இதற்கென்று ஒதுக்கினோம். தேதி, எந்த உறுப்பு, எக்ஸ்ரேயா சி.டி.யா, எங்கே எடுத்தது என்று நான்கு கட்டங்கள். தாய்மார்கள் நிரப்பிக் கொடுக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளின் பக்கம் வெறுமையாக இருக்கிறது, சிலவற்றில் கை முறிந்தபோது எடுத்த எக்ஸ்ரே ஒன்றிரண்டு. ஒரு சிறுமியின் பக்கத்தில் மட்டும் ஏழு வரிகள் இருந்தன. பிறவியிலேயே இதயத்தில் துளை உள்ள பிள்ளை அவள். சென்ற வாரம் பார்த்தபோது அவற்றில் மூன்று வரிகளின் மேல் கோடு போடப்பட்டிருந்தது. ஏனென்று கேட்டோம். "அது எக்கோ, ஆலிமா. கணக்குல வராதுல்ல?" என்றார் அவளுடைய அம்மா.